அவர் ஒத்துக்கொண்ட நாள்

என் கணவரோடு நான் பிடித்த சண்டைகளில் பாதி, எங்கள் ரொறொன்ரோ அணியில் முன்பு விளையாடிய ஒரு பேஸ்போல்காரனைப் பற்றியது. “பந்தை மைதானத்துக்கு வெளியில அடிச்சு ஹோம் ரன் எடுக்கத் தெரியாதவன்” என்று சீண்டுவேன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“அவுட் ஆகாமல் எத்தினை தரம் பேஸுக்குப் போனவன் எண்டு பாரும். பிழையா எறியிற பந்துகளை அடிக்காமல் பொறுமையா நிண்டு பேஸுக்குப் போறதும் போறதுதான். அதே காலத்தில விளையாடின ஆக்களோட ஒப்பிட்டுப் பாத்திட்டுக் கதையும்!”

அவன் ஆடிய காலம் முழுவதிலும் பேஸுக்குப் போன சராசரியை மற்றவர்களுடையதோடு போனில் காட்டி, என் வாயை அடைத்த பிறகுதான் சாப்பிட வருவார்.

போன மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. மெல்ல மெல்லப் பேச்சுத் திரும்பியது. சாப்பிடுவோமா, படுப்போமா, எது கேட்டாலும் “ஓம்” என்று சம்மதித்தார். சுகமாகி வருகிறார் என்றே நம்பினேன்.

வசந்தத்தில் முதல் மேட்ச் அன்று எங்கள் யூனியன்வில் வீட்டில் அவரை ரீவிக்கு முன்னால் இருத்தினேன். அந்தப் பழைய கோபத்தை ஒருதரம் பார்க்க ஆசை. வேண்டுமென்றே சொன்னேன்.

“உங்கட ஆள் அந்தக் காலத்து ஆக்களுக்குள்ள ஆகக் கடைசி. பேஸுக்கே போகாதவன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

“ஓம்” என்றார்.

“இல்லையப்பா, நான் சொன்னது பிழை. அவன் அவையளைவிடத் திறம்!” என்று கத்தினேன்.

அதற்கும், அதே குரலில், “ஓம்.”

இப்போதும் மேட்ச் போடுகிறேன். அவருடைய பக்கத்தையும் நானே பேசுகிறேன். ஒருதரமாவது அவர் வாயால் ‘ஓம்’ என்று கேட்டுவிட வேண்டும் என்று இத்தனை வருடம் ஆசைப்பட்டவள் நான்தான்.