கப்பல் கேட்ட குடும்பப் பெயர்

இன்று கோட்டூர்புரம் நூலகத்தில் சாந்தோம் நண்பர் சூ. ஆரோக்கியத்துடன் கணினிமுன் அமர்ந்திருந்தேன். அவருடைய பூட்டன் கார்ல், செருமனியிலிருந்து நீராவிக் கப்பலில் சென்னைக்கு வந்து குடியேறியவர்.

எந்தக் கப்பல் என்பதே, படுக்கையில் கிடக்கும் ஆரோக்கியத்தின் தந்தை சூசை நாள்தோறும் கேட்கும் கேள்வி.

பயணிகள் பட்டியல் உள்ள இணையத்தளம் குடும்பப் பெயரைக் கேட்டது. கார்லின் மகனோ, அதாவது சூசை ஐயாவின் தந்தை, வெறும் கா. அந்தோணி. தந்தை பெயரின் முதலெழுத்து போதும் என்னும் நம் வழக்கத்தில், செருமானியக் குடும்பப் பெயர் ஒரே தலைமுறையில் மறைந்துவிட்டது.

"இன்னா தலைவரே, குடும்பப் பேரே வோணாம்னு மேடைக்கு மேடை முழங்கினு இருந்தீங்களே! இப்போ கப்பல்காரன் அதைத்தான கேக்குறான்?" என்றார் ஆரோக்கியம்.

'கார்ல்' என்று மட்டும் தேடினோம். ஒன்பது கார்ல்கள், ஒன்பது கப்பல்களில் வந்திறங்கியிருந்தனர்.

என் கொள்கையில் மாற்றமில்லை. சூசை ஐயாவிடம் எந்தக் கப்பலைச் சொல்வது என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.