சூடு வந்தால் ஓடுகிறவள்

“வெக்கங்கெட்டவளே, மாமியாகிட்டக் கேக்குற கேள்வியாடி இது? எனக்கு எப்ப நின்னா உனக்கென்ன? நின்ன பஸ்ஸா அது, நீ ஏறிக்கிட்டுப் போறதுக்கு?”

என் மருமகளை இப்படித்தான் வைதேன். வைதுகொண்டே அவளைப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் ஊரே போர்வைக்குள் கிடக்க, அவள் முறத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வேர்வை.

“திட்டுங்கத்த, திட்டிட்டுச் சொல்லுங்க. வேற ஆருகிட்டப் போய்க் கேப்பேன்?” என்றாள்.

கேட்க ஆளில்லாமல் திரிந்தவள்தான் நானும். அதனால் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வெடிக்குத் திரி செருகும் வேலை. ஒரு அறைக்கு நாலு பெண்கள். அறையைச் சுற்றிக் கதவுகள். ஒன்றையும் அடைக்க மாட்டார்கள். கொண்டை ஊசி கூடாது, மெட்டி கூடாது, செருப்பு கூடாது. இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தி எழுந்து ஓடினால் மற்றவர்களும் ஓட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேள்வியெல்லாம் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

அந்த வருஷம் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. மாத விலக்கு இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வந்தால் மடை உடைத்துக்கொண்டது போல வரும். முழங்கால் வலித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. குழம்புக்கு உப்புப் போட மறந்தவள் நான். உப்பில்லை என்று சொல்லாமல் சாப்பிட்ட என் வீட்டுக்காரரிடம், “ஏன், சொன்னா வாய் வெந்துருமோ?” என்று சண்டை போட்டதும் நான், பிறகு அடுப்படியில் அழுததும் நானே. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் எங்காவது போகத் தோன்றும். போக ஏது இடம்?

ஒரு நாள் காலையில் திரி செருகிக்கொண்டிருந்தேன். நெஞ்சிலிருந்து குபுகுபுவென்று ஒரு சூடு கிளம்பிக் கழுத்தில் ஏறி, காதைச் சுட்டு, முகமெல்லாம் அனல் அடித்தது. எங்கள் அறையில் சூட்டுக்கு ஒரே அர்த்தம்தான். எழுந்து ஓடினேன். எல்லோரும் ஓடினார்கள். பக்கத்து அறைகளும் ஓடின.

மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தால் கூரையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. புகையில்லை, ஒன்றுமில்லை. போர்மேன் மணல் வாளியோடு ஓடிவந்தார்.

“எங்கன தாயி? நெருப்பு எங்கன?”

“தெரியலண்ணாச்சி. மூஞ்சில அடிச்சுச்சு.”

எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பவளும் என் வயதுக்காரிதான். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த வட்டாரத்திலேயே நீளமான நாக்கு அவளுக்கு.

“மதினிக்கு மட்டும் தனிச் சூரியன் போலருக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் மறுபடி ஓடினேன். இந்த முறை மற்றவர்கள் அரை மனதாக வந்தார்கள். மூன்றாவது முறை வேப்பமரத்தடியில் நான் மட்டும் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அறைக்குள் மூன்று பேரும் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மதினிதான் அதிகமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் வேர்த்த உடம்பு சில்லிட்டுப் போனது. நாளைக்கு நிஜமாகவே பற்றி, நான் எழுந்து ஓடினால் இவர்கள் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள்? சரி, ஓடாமல் இருக்கப் பழகிக்கொள்ளலாம் என்றால், நிஜ நெருப்பையும் என் சூடு என்று நினைத்து உட்கார்ந்துவிட்டால்? ஓடினாலும் கேடு, உட்கார்ந்தாலும் கேடு.

போர்மேன் வேறு, “சீசன் நேரம், லோடு நிக்குது. இன்னொரு தடவ வீணா ஓடுனீன்னா அப்படியே வீட்டுக்கு ஓடிரு” என்று சொல்லிவிட்டார்.

தெருவில் இரண்டு கட்சி. பேய் பிடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிட வேண்டும் என்றது ஒன்று. முழுகாமல் இருக்கிறாள் என்றது மற்றது. என் மகளுக்கு அப்போது கைக்குழந்தை. “பேரனுக்கும் மகனுக்கும் ஒரே தொட்டில் போதும், செலவு மிச்சம்” என்று என் காதுபடவே பேசினார்கள். என் வீட்டுக்காரர் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போகிறவர், பேச்சுக் குறைவு. என்னைவிட அவர்தான் பயந்து போயிருந்தார்.

“விருதுநகர்ல பொம்பள டாக்டர் இருக்காகளாம். போயிட்டு வருவமா?” என்றார்.

போனோம். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். சாவகாசமாகக் கை கழுவினார்.

“பிள்ளையெல்லாம் இல்லம்மா. உங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வயசு. சினைப்பை வேலையைக் குறைச்சுக்கிட்டே வருது. அது சுரக்கிறது குறையிறப்ப, உடம்புக்குச் சூடு குளிர் கணக்கு தடுமாறும். தூக்கம் கெடும், கோபம் வரும், அழுகை வரும். இது நோய் இல்ல.”

“அப்ப அதுக்கும் ரிட்டயர் ஆகுற வயசா டாக்டரம்மா? பிரிவு உபசாரம்தான் பலமா இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். மிளகாயையும் டீயையும் குறைக்கச் சொன்னார். சூடு கிளம்பினால் பிடரியில் ஈரத்துணி வைக்க வேண்டும். நூல் சேலைதான் கட்ட வேண்டும். எலும்புக்குக் கேப்பையும் எள்ளும் பாலும். ரத்தம் அதிகமாகப் போனதால் சோகை இருந்தது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்.

“இதுக்கும் அடங்கலன்னா சுரப்பு மாத்திரை இருக்கு. சூட்டைக் குறைக்கும். ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. மார்ல புற்றுக்கட்டி வந்தவங்களுக்குத் தர மாட்டேன். தேவைப்பட்டா சோதிச்சுப் பாத்துட்டு, கொஞ்ச நாளைக்குத் தருவேன். இன்னொண்ணு. சுத்தமா ஒரு வருஷம் நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும், வெக்கப்படாம உடனே ஓடி வரணும்.”

நான் வந்த காரியத்தைக் கேட்டேன். “டாக்டரம்மா, உள்ளருந்து வர்ற சூடு எது, வெளியருந்து வர்ற நெருப்பு எதுன்னு நான் எப்படிப் பிரிக்க?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உங்க சூடு நெஞ்சுல கிளம்பி மேல ஏறும். பின்னாலேயே வேர்க்கும். ஆனா பட்டாசு ரூம்ல உக்காந்துகிட்டு அதைச் சோதிச்சுப் பாக்காதீங்க. சந்தேகம்னா ஓடுங்க. போர்மேன்கிட்ட விஷயத்தைச் சொல்லி வேற இடத்துல உக்காருங்க.”

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு ஆம்பளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது? தூரமானால் கட்டும் துணியைக்கூட யார் கண்ணிலும் படாமல் காயப்போடுகிறவர்கள் நாங்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வார்த்தைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எதுவும் வாயில் நிற்கவில்லை.

அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். சூடு வந்தால் எதிரே இருக்கும் மதினியின் முகத்தைப் பார்ப்பது. அவள் வேர்க்காமல் இருந்தால் அது என் சூடு. அவளுக்கும் வேர்த்தால் ஓட்டம். சில நாள் அது ஓடியது.

“என்ன மதினி, என்னையப் பொண்ணு பாக்க வந்திருக்கீகளா? அப்படி முழிக்கீக?” என்று கேலி செய்தாள்.

பிறகு ஒரு நாள், எனக்கு ஒன்றுமே இல்லை, பிடரி குளுகுளுவென்று இருக்கிறது. மதினியின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. உதட்டின் மேல் முத்து முத்தாக வேர்வை. என்னைப் பார்த்தாள். எழுந்தாள், ஓடினாள்.

நானும் எழுந்தேன். மற்ற இரண்டு பெண்களும் உட்கார்ந்தே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தானே நான் பயந்துகொண்டிருந்தேன். “எந்திரிங்கடி மூதிகளா!” என்று ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மரத்தடி. புகையில்லை. மதினி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

போர்மேன் வந்தார். “இப்ப நீயுமா? தொத்து வியாதியா இது? ரெண்டு பேரும் கெளம்புங்க, நாளைலருந்து வர வேண்டாம்.”

அந்த நீள நாக்குக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. எனக்காக வராத வார்த்தை அவளுக்காக வந்தது.

“அண்ணாச்சி, உங்க வீட்டுக்கார அக்காவுக்கு என்ன வயசு?”

“அது எதுக்கு உனக்கு?”

“திடீர் திடீர்னு வேர்க்குதுன்னு விசிறியும் கையுமா இருக்காகளா? சும்மா சும்மா எரிஞ்சு விழுறாகளா?”

போர்மேன் வேப்பமரத்துப் பட்டையைப் பார்த்தார்.

“அது சீக்கு இல்ல அண்ணாச்சி, வயசு. தூரம் நிக்கிற வயசு. டாக்டரம்மாவே சொல்லிட்டாக. ஓடுனவள வீட்டுக்கு அனுப்புனா, நாளைக்கு நெசமாப் பத்தும்போது எவ ஓடுவா? வேலை போயிருமேன்னு உக்காந்துதான் இருப்பாளுக.”

அவர் கனைத்துக்கொண்டார். “ரெண்டு பேரும் லேபிள் ஒட்டுற கொட்டகைக்குப் போங்க. அங்கன வெறும் காயிதந்தான், காத்தும் வரும்.” பிறகு மற்றவர்களிடம் திரும்பி, “எவ ஓடுனாலும் எல்லாரும் ஓடணும். ஏன்னு நான் கேக்க மாட்டேன்” என்றார்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது பக்கத்தில் வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: “அந்த டாக்டரம்மா விருதுநகர்ல எங்கன இருக்காக?”

வீட்டுக்கு நடக்கும்போது மதினியிடம் கேட்டேன். “எப்பருந்து?”

“சித்திரையிலருந்து.”

“அப்ப என்னையப் பாத்து எதுக்குச் சிரிச்சீக?”

“எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்கிறப்ப என்னைய எவளும் பாக்கல மதினி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டினேன். மதினியும் வந்து கை கொடுத்தாள். தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். பேய்க் கட்சியும் வந்தது, பிள்ளைக் கட்சியும் வந்தது.

“என்ன விசேஷம், யார் வீட்டுப் பிள்ளை பெரிய மனுஷி ஆயிட்டா?” என்று கேட்டார்கள்.

“நாங்க ரெண்டு பேருந்தான்” என்றேன். “அது வந்தப்ப ஊரைக் கூட்டி, குடிசை கட்டி, களி குடுத்துக் கொண்டாடுனீகள்ல? போறப்ப மட்டும் ஏன் திருட்டுப் பூனை மாதிரி போகணும்? தின்னுங்க. தின்னுக்கிட்டே கேட்டுக்கோங்க. மேலுக்குச் சூடு ஏறுனா உக்காந்து தண்ணி குடிங்க. நின்னு வருஷம் கழிச்சுத் திரும்பப் பட்டா, டாக்டரம்மாகிட்ட ஓடுங்க. கம்பெனில இருக்கையில மட்டும் எந்தச் சூடுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காதீக. எந்திரிச்சு ஓடுங்க. வேப்பமரத்தடியில நின்னு சிரிச்சுக்கிடலாம்.”