இசக்கிராஜா பார்த்த பட்டாளத்து ஜெயில் படம்

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் சந்தனமாரி மேஸ்திரி. பெண்கள் முறத்தில் சுக்குப் புடைக்கிற இரைச்சலைத் தாண்டி அவள் "நிறுத்து" என்றால் அத்தனை முறமும் நிற்கும். வீட்டில் அவள் பேசுவது சுவருக்குக்கூடக் கேட்காது. "எங்க வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆவாது" என்பாள்.

புருஷன் இசக்கிராஜா பட்டாளத்தில் இருந்தவர். ஏதோ குற்றம் சொல்லிப் பட்டாளத்து ஜெயிலில் வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் வாயைத் திறந்ததில்லை. கல்லுப்பிள்ளையாரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரிதான். ஒரே ஒரு நாள் மனம் விட்டுப் பேசிவிட்டால் போதும், மனுஷன் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிடுவார் என்று அவள் நம்பினாள்.

வீட்டுக்குக் கீழே மொபைல் கடை வைத்திருக்கும் யூசுப் ஒரு சினிமாப் பைத்தியம். அவர்தான் பென்டிரைவில் அந்தப் படத்தைக் கொடுத்தார். "பாட்டும் இல்ல, பெண்ணும் இல்ல கேட்டோ சேச்சி. பழய பட்டாளத்து ஜெயிலாக்கும். ஒந்நாந்தரம் படம்."

கறுப்பு வெள்ளைப் படம். கைதிகளும் சிப்பாய்கள், காவலர்களும் சிப்பாய்கள். ஒரு மதிலோரம் கிடக்கும் கற்களை எதிர் மதிலுக்குச் சுமக்க வேண்டும். சுமந்து முடித்ததும் அதே கற்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"பாத்தியாளா, ம்யூசிக்கே போடல. பூட்ஸ் சத்தம் மட்டுந்தான்" என்றார் இசக்கிராஜா. "படம் எடுத்தவன் உள்ள இருந்திருக்கணும். கல்லு கனமில்ல. திரும்பக் கொண்டான்னு சொல்லுவாம்லா, அதுதான் கனம்."

இத்தனை வார்த்தை ஒரு சேர அவர் பேசி அவள் கேட்டதில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அவளே அந்தப் படத்தைப் போட்டுவிடுவாள். பாவி மகள், நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள்.

சில வாரங்களில், படத்தில் அதிகாரி கத்தும்போது இவர் எழுந்து நின்றார். பிறகு கையை விறைத்துக்கொண்டு அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். பேச்சு மறுபடி நின்றுபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் பாதியில் இருக்கும்போது கரண்டு போனது. திரை இருண்டது, மின்விசிறி நின்றது. இசக்கிராஜா நிற்கவில்லை. இல்லாத கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தார். வெறுங்கால்தான். ஆனாலும் சந்தனமாரிக்குப் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு ஆள் நடக்கிற சத்தமாக அது இல்லை.

"இங்கேருங்க, போதுங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. தோளைப் பிடித்தாள், அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தார். மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாரித்தது. அவளை அறியாமல் கிட்டங்கிக் குரல் வெளியே வந்தது.

"நிறுத்து."

நின்றார். குனிந்து, கல்லைக் காலடியில் பதனமாக இறக்கி வைத்தார். அப்பாடா என்று அவள் கிட்டே போனாள். அவர் விறைத்து நின்று அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெண்டாட்டி என்று யாரும் இல்லை.

"நான்தாங்க, மாரி. உக்காருங்க" என்று அழுதாள். அவர் அசையவில்லை. கால் மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. இன்னும் சற்று நேரம் விட்டால் விழுந்துவிடுவார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, அதே குரலில் உட்காரச் சொன்னாள். அவர் உடனே உட்கார்ந்து, நன்றியோடு அவளைப் பார்த்து, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்.