குடிக்காமல் வைத்த காப்பி

அயின் தல்ஜ் மலையூருக்கு அக்டோபரில் வருகிறவன் ஒன்று வழி தவறி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ காரியமாக வந்திருக்க வேண்டும். ஜனவரியில் இந்தத் தெருவில் காரை நிறுத்த இடமில்லாமல் பெய்ரூத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அக்டோபரில் அதே இடத்தில் ஆடு படுத்திருக்கும். பனிச்சறுக்குக் கடைகளில் சறுக்குக் கட்டைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நடுவில் ஆப்பிள் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். மலையேற்றும் நாற்காலிகள் கம்பியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

நுஹாதுக்குப் பிடித்த மாதம் அதுதான். எட்டு அறை விடுதியை எத்தனையோ வருஷமாக நடத்துகிறவள் அவள். கூட்டம் வருவதற்கு முன்னால் மெத்தைகளை வெயிலில் போட்டு அடிப்பாள். தயிரும் கோதுமையும் பிசைந்து கூரையில் காயவைத்துக் கிஷ்க் பொடி பண்ணுவாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரையில் மீன்காரர்கள் தெருவில் பிறந்தவள். கத்தாஸைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்த முதல் குளிர்காலத்தில், ஜன்னல் பாதிவரை பனி மூடியதைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். புருஷன் ஊருக்கெல்லாம் சறுக்கச் சொல்லிக்கொடுத்தான். இவள் கடைசிவரை காலில் கட்டையை மாட்டவில்லை. "காசு குடுத்து விழறானுங்களே, இவனுங்களை வீட்ல கேக்க ஆள் இல்லையா?" என்பாள். ஆனால் விழுந்தவனுக்குக் காலில் கட்டுப் போட்டதும், நனைந்த காலுறைகளை அடுப்பைச் சுற்றிக் காயவைத்ததும், பருப்பு சூப்பை வாயருகே கொண்டுபோனதும் அவள்தான். சண்டை நடந்த வருஷங்களில் சறுக்க எவன் வருவான்? நகரத்திலிருந்து ஓடிவந்த சொந்தக்காரர்கள் எட்டு அறையிலும் அடைந்து கிடந்தார்கள். அத்தனை வயிற்றுக்கும் அவள்தான் பொங்கிப் போட்டாள்.

இவ்வளவுக்கும் விடுதி அவளுடையது அல்ல. அதன் சொந்தக்காரர் யூசுஃப் தாஹிர் பிரேசிலுக்குக் கப்பல் ஏறும்போது, சாவியைக் கத்தாஸின் கையில் வைத்து, "அடுப்பு அணையாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கை குலுக்கினார்கள், அவ்வளவுதான். கத்தாஸ் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இந்த வசந்தத்தில் பிரேசிலில் கிழவரும் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பாதியாகிவிட்டது. மகள் மோன்ட்ரியலில் இருந்து "வந்துடும்மா" என்று கூப்பிடுகிறாள்தான். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அங்கயும் பனிதான். ஆனா பேச ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு டாக்ஸி வாசலில் வந்து நின்றது. ஐம்பது வயதில், குண்டாக, பளபளவென்று புதுப் பனிச்சட்டை போட்ட ஒருத்தர் இறங்கினார். மொட்டை மலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பனி எங்க?" என்றார்.

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும். நீங்க யாரு?"

"நயீம். யூசுஃப் தாஹிரோட மகன்."

"உள்ள வாங்க தம்பி, உங்க வீடு" என்றாள் நுஹாத். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அது நிஜமாகவே அவர் வீடு.

காலையில் ஏலக்காய் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தாள். சர்க்கரை போடவில்லை. சாவு விழுந்த வீட்டில் கசப்புக் காப்பிதான் கொடுப்பார்கள்; அப்பனைப் பறிகொடுத்து வந்தவனுக்கு இனிப்பாகக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். அவளும் கத்தாஸ் போனதிலிருந்து கசப்பாகத்தான் குடிக்கிறாள். நயீம் கோப்பையை வாங்கினார், பார்த்தார், புன்னகைத்தார், மேஜைமேல் வைத்தார். அது அங்கேயே ஆறிப்போனது.

கொழுந்தன் சர்கீஸ் அப்போதுதான் உள்ளே வந்தான். குளிர்காலத்தில் மலையேற்றும் நாற்காலிகளை ஓட்டுகிறவன் அவன். அக்டோபரில் சோதனை ஓட்டம் என்ற பெயரில், மேல்தோட்டத்து ஆப்பிள் பெட்டிகளை அதே நாற்காலிகளில் உட்காரவைத்துக் கீழே இறக்குவான். கோப்பையைப் பார்த்ததும் அண்ணியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணி, அந்தாளு காப்பியைத் தொடவே இல்ல, பாத்தீங்களா?"

"எனக்குக் கண் இல்லையா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. பெண் கேட்க வந்தாலும் சரி, பகை தீர்க்க வந்தாலும் சரி, காரியமாக வந்தவர் காப்பியைத் தொடாமல் வைப்பார். "குடிங்க, கேக்க வந்தது உங்களுக்குத்தான்" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் உதட்டில் வைப்பார். சொன்ன பிறகு பின்வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"விடுதியைக் கேக்கத்தான் வந்திருக்கான்" என்றான் சர்கீஸ். "நீங்க மட்டும் வாய் தவறி 'குடிங்க'ன்னு சொன்னீங்க, எட்டு ரூமும் போச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"வந்தவன் முன்னால காப்பி ஆறும், நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? எங்கம்மா குழியிலேருந்து எழுந்து வந்து அடிப்பாடா."

"அடிச்சா வாங்கிக்கோங்க. கூரையாவது மிஞ்சும்."

நுஹாதைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். தபால்காரன் வேண்டாம் வேண்டாம் என்று ஓடினாலும் பிடித்து இழுத்து மூன்று கோப்பை ஊற்றுகிறவள் அவள். மறுநாள் காலையில் நயீமுக்கு எதிரே உட்கார்ந்து, ரொட்டி சாப்பிடுங்க என்றாள், ஆலிவ் எடுத்துக்கோங்க என்றாள், ஆப்பிள் நறுக்கட்டுமா என்றாள். காப்பியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அந்த மனிதர் ரொட்டி, தயிர்க்கட்டி எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தார். கோப்பையை மட்டும் பார்த்தார், அவளைப் பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்தார், மென்று முழுங்கினார்.

பிறகு எழுந்து விடுதியைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"சந்தையில மாடு பிடிக்க வந்தவன் மாதிரி பல்லைப் புடிச்சுப் பாக்கறான்" என்றான் சர்கீஸ். விஷயத்தைக் கறந்துவிடலாம் என்று நயீமை ஆப்பிள் பெட்டிகளோடு நாற்காலியில் ஏற்றி மேலே அனுப்பிக் கீழே இறக்கினான். "எங்கப்பா சொன்ன மாதிரியே இருக்கு" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

அதற்கடுத்த காலை முதல் மழை பிடித்துக்கொண்டது. நயீம் பனிச்சட்டைக்குள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, மூக்கு சிவக்க உட்கார்ந்திருந்தார். முன்னால் கோப்பை. அதில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. நுஹாதுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குப் பயம் இருந்தது, கோபமும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே வெட்கமாக இருந்தது. அப்பனை இழந்த ஒருத்தன் தன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான், ஒரு வாய் குடி என்று சொல்லத் துப்பில்லாமல் நான் விடுதியைக் காத்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தாள். இப்படிக் காத்த விடுதியில் எந்த முகத்தோடு அடுப்பை மூட்டுவது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"குடிங்க தம்பி" என்றாள். "நீங்க எதைக் கேக்க வந்தீங்களோ, அது உங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நயீமின் முகம் மலர்ந்தது. "நெசமாவா அக்கா? கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"கொஞ்சம் சர்க்கரை வேணும்."

நுஹாதுக்குக் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. "என்னது?"

"சர்க்கரை. எங்க ஊர்ல காப்பின்னா பாதி சர்க்கரைதான். முதல் நாள் நீங்க திரும்பினப்ப நாக்குல ஒரு சொட்டு வெச்சேன். பேதி மருந்து தோத்துடும். குடுக்கறதைக் குறை சொல்லாம சாப்பிடுன்னு அப்பா சொல்லி வெச்சிருந்தாரு. அதான் வாயைத் திறக்கல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை. எப்படியும் சொல்லியாகிவிட்டது, கேட்டுவிடுவோம் என்று நினைத்தாள். "அப்போ விடுதி?"

நயீம் தலையைக் குனிந்தார். "அதுவும் கேக்கணும்னுதான் வந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிடுவீங்களோன்னு அப்பாவுக்கு ஒரே பயம். 'நேர்ல போ, அந்தம்மாவை அங்கயே இருக்கச் சொல்லிக் கெஞ்சிக் கேளு, இருக்கறவரைக்கும் அது அவங்க வீடு'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு. ஆனா இங்க வந்து பாத்தா, நீங்க ஒரு தடவைகூட குடின்னு சொல்லல. நம்ம ஊர்ல வேண்டாம்னாலும் வாயைப் பிளந்து ஊத்துவாங்கன்னு அப்பா சொல்வாரு. சரி, அக்காவுக்கு நம்ம மேல கோவம், மூட்டை கட்டிட்டாங்க போலன்னு நினைச்சேன்."

"அட பாவி மனுஷா!" என்று மரியாதையை மறந்து கத்தினாள் நுஹாத். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் எங்கயும் போகல. என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

"நல்லவேளை. எனக்கு இந்தக் குளிர்ல ரெண்டு நாளே தாங்கல. இதை நான் வெச்சுக்கிட்டு என்ன செய்வேன்?"

ஆறின காப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தாள். ஆப்பிள் ஜாம் கிளறுவதற்காக வாங்கிய சர்க்கரை மூட்டையைப் பிரித்தாள். கத்தாஸ் எப்போதும் இரண்டு கரண்டி கேட்பான். கை தானாக இரண்டு கரண்டி போட்டது. ஒரு கணம் நின்றாள். பிறகு இன்னொரு கோப்பையையும் எடுத்தாள். அவர் குடித்தார். அவளும் குடித்தாள். இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு நாக்கில் இனிப்புப் பட்டது. நன்றாகத்தான் இருந்தது.

மழையில் நனைந்தபடி சர்கீஸ் ஆப்பிள் பெட்டியோடு உள்ளே வந்தான். நயீமின் கையில் காலிக் கோப்பையைப் பார்த்தான். பெட்டி நழுவி ஆப்பிள்கள் தரையெல்லாம் உருண்டன.

"அண்ணி! குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேண்டா."

"முழுசாவா?"

"ரெண்டு கரண்டி" என்றாள் நுஹாத். "உக்காரு, உனக்கும் போடறேன்."