நடுத்தெருவில் விழுந்த கோடு

மூன்றாவது அடிக்குள் கட்டை இறங்கிவிட வேண்டும்; இறங்காவிட்டால் அடியில் கல் கிடக்கிறது என்று பொருள். ஓரிசியா டெம்சுக் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புல்தரையில் நட்ட வேட்பாளர் பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். இம்மியளவு சாய்ந்திருந்தாலும் பிடுங்கி மறுபடி அடிப்பார். "கோணலா நின்னா, தோக்கப்போற மூஞ்சி தானா வந்துடும்."

கனடாவின் வினிபெக்கில் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி. அகன்ற தோள்கள், கையுறையை வாயால் கடித்துக் கழற்றும் பழக்கம். ரயில் யார்டை ஒட்டிய யார்டு வடக்குத் தொகுதியில், தேர்தல் அறிவித்த அன்றே தம் கட்சியின் ஆரஞ்சுப் பலகைகளை வீடு வீடாக நட்டுவருவது இளவயது முதல் அவர் வேலை.

தேர்தல் முடிந்தபின் பலகைகளை அவர் எறிவதில்லை. தொகுதியின் வரலாற்றை அறிய விரும்புவோர் அவருடைய கொல்லையில் அந்தப் பலகைகளாலேயே எழுப்பிய விறகுக் கொட்டகையைப் பார்த்தால் போதும். யார்டு நிறையத் தொழிலாளர் இருந்த காலத்தில் எளிதாக வென்ற மீசைக்காரர் கதவாகியிருக்கிறார். யார்டில் வேலை சுருங்கியது. இளையவர்கள் புறநகருக்குப் போனார்கள். தொகுதி ஒருமுறை சிவப்புக் கட்சியிடம் போய், பிறகு நீலக் கட்சியிடம் சேர்ந்தது. அதன்பின் ஆரஞ்சுக்குத் திரும்பவே இல்லை. அந்த நெடிய தோல்விகளின் முகங்கள் கூரையில் வரிசையாகப் படுத்து மழையைத் தாங்குகின்றன. கட்டைகள் தக்காளிச் செடிகளுக்கு முட்டு. "ஜெயிச்சவங்க சட்டசபைக்குப் போயிட்டாங்க. தோத்தவங்கதான் எனக்கு உழைக்கிறாங்க" என்பார்.

எதிர்வீட்டு கார்னி ஃப்ரீசென் குழாய் வேலை பார்த்தவர்; பிறந்ததிலிருந்தே நீலம். வாக்குப்பதிவன்று காலையில் இருவரும் தேவாலய நிலவறையிலுள்ள வாக்குச்சாவடிக்குச் சேர்ந்தே நடந்து போவார்கள். வழியில் ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு.

"உன் ஓட்டு என் ஓட்டை அடிச்சிடப்போகுது. எதுக்கு ரெண்டு பேருக்கும் கால்வலி? வீட்லயே காபி குடிக்கலாமே, ஓரிசியா?"

"நல்ல யோசனைதான். நீ வீட்டுக்குப் போய்க் காபி போடு. நான் பின்னாலேயே வர்றேன்."

இருவரில் ஒருவரும் திரும்பியதில்லை.

இந்த ஆண்டு தொகுதி எல்லைகளை வரையும் குழு புதிய வரைபடம் வெளியிட்டது. கோடு ஆல்டர் தெருவின் நட்டநடுவில் விழுந்தது. கார்னியின் வரிசை பழைய தொகுதியிலேயே தங்கியது. ஓரிசியாவின் வரிசை, ஆரஞ்சு எப்போதும் வெல்லும் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. யார்டு வடக்கிலோ இம்முறை ஆரஞ்சு வேட்பாளராகச் செவிலி மாரிசோல் அபுவேவா நிற்கிறார். மயிரிழையில் வென்றாலும் வெல்வார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"இத்தனை வருஷம் அடுப்படியில வெந்தது நான். சாப்பாடு போடுற நேரத்துல, உனக்குப் பக்கத்து வீட்ல இலைன்னுட்டாங்க" என்று பொருமினார் ஓரிசியா. ஆனாலும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாரிசோலுக்காகவே தெருவைக் கடந்து போனார்.

வாக்குப்பதிவன்று தம் வாக்கை ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை யார்டு வடக்கின் முதியவர்களைத் தம் வேனில் ஏற்றி இறக்கினார். கடைசி நடை முடிந்து தெருவுக்குள் திரும்பியபோது கார்னி தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தொப்பி, கோட்டு, பிடித்து நடக்க ஒரு நடைவண்டி. முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வாக்குச்சாவடி மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை அணைக்காமல் ஓரிசியா உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கார்னியின் ஓட்டை அடிக்க யார்டு வடக்கில் அவருக்கு ஓட்டில்லை. பேசாமல் தம் வீட்டுக்குள் போய்விட்டாலும் கேட்பார் யாருமில்லை.

கண்ணாடியை இறக்கினார். "யோவ் கார்னி, எங்கய்யா உன் ஆளுங்க?"

"வண்டி அனுப்புறேன்னாங்க. காணோம்."

"உன் கட்சி லட்சணம். ஏறு."

நடைவண்டியை மடக்கிப் பின்னால் போட்டார். பெல்ட்டை மாட்டிக்கொண்டே கார்னி, "கூட்டிட்டுப் போறேங்கிறதுக்காக மாத்திப் போட்டுடுவேன்னு நினைக்காதே" என்றார்.

"மாத்திப் போட்டேன்னு தெரிஞ்சுது, திரும்பி நடந்துதான் வரணும் நீ."

தேவாலயத்தை அடைந்ததும் தம் கோட்டிலிருந்த ஆரஞ்சு பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டார். சாவடி வளாகத்துக்குள் கட்சி நிறம் கூடாது. வேலிக்கு வெளியே குளிரில் நின்றிருந்த மாரிசோலின் தொண்டர்களில் ஒரு பெண் பதறி ஓடிவந்தாள்.

"ஓரிசியா, என்ன பண்றீங்க? அவர் நீலம்!"

"தெரியும்டி. எதிர்வீட்ல இருக்கேன்."

சரிவுப் பாதையில் ஏறத் தொடங்கிய கார்னியின் வலது காலணிக் கயிறு அவிழ்ந்து இழுபட்டது. அவரால் குனிய முடியாது. ஓரிசியா கையுறையை வாயால் கடித்துக் கழற்றினார். எல்லாரும் பார்க்க ஈரச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முடிச்சு சற்றே கோணலாக இருந்தது. அவிழ்த்து, மறுபடி கட்டினார்.