குதிக்காத வருஷம்

தண்ணீர் தெளித்த மண்தரையில் வார்க்கயிறு "சளப், சளப்" என்று அடிக்கும் ஓசையும், அதிலிருந்து கிளம்பும் ஆவாரம்பட்டை வாடையும்தான் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. இந்த வயதிலும் அப்படித்தான்.

வெள்ளைக்காரர் காலம். ஆம்பூரில் நான் ஆறாவது படித்த வருஷம் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எஸ்தர் டீச்சர் வந்தார். பெண்பிள்ளைகள் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தால் முதுகும் நெஞ்சும் என்னத்துக்காகும் என்று சொல்லி, மத்தியானப் பாடம் முடிந்ததும் எங்களை வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போவார். கைகால் நீட்டி மடக்குவது, பந்து எறிவது, கடைசியில் கயிறு தாண்டுவது. நார்க்கயிறு நாலே நாளில் பிய்ந்துபோகவே, ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த என் அப்பா, கழித்துப்போட்ட தோலை வாராக அறுத்து முறுக்கி, ஐந்தாறு பேர் சேர்ந்து தாண்டும் அளவுக்கு நீளமாக ஒரு கயிறு செய்து கொடுத்தார். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கயிற்றை ஒரு தடவைகூடத் தாண்டாதவள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

காரணம் என் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தெருவில் அவள் கயிறு தாண்டி விளையாடிய அதே வாரத்தில் "வயசுக்கு வந்துட்டா". எங்கள் தெருவில் அதோடு பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அவளுடைய சிலேட்டு எனக்கு வந்தது. அடுத்த தையில் அவளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். குதித்ததால்தான் சீக்கிரம் வந்தது என்பது அம்மாவின் தீர்ப்பு.

"படிக்கணும்னா காலை அடக்கிக்கினு இரு. குதிச்சியோ, அக்கா கதிதான் உனக்கும்."

அம்மாவை வில்லியாக நினைத்துவிடாதீர்கள். நான் எட்டாவது முடித்து டீச்சர் வேலைக்குப் போகவேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் ஆசை. ஊர் வாயை அவளால் கட்ட முடியாது; என் காலைக் கட்டினாள்.

நான் பயந்தாங்கொள்ளி, ஆனால் கெட்டிக்காரப் பயந்தாங்கொள்ளி. எல்லாருக்கும் முந்தி ஓடிப்போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். சுற்றுகிறவள் தாண்ட வேண்டாமே! நூறு எண்ணினாலும் கால் இடறாத என் சிநேகிதி ரூத், இரண்டு சடையும் தோளில் அடிக்க எழும்பும்போதெல்லாம் எனக்குப் பயம் வந்துவிடும், நாளைக்கு இவள் இடம் காலியாகிவிடுமோ என்று. மறுநாள் காலையில் அவள் தலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். புளியங்காய் தின்று வயிறு வலித்தால்கூட "அதுதானோ" என்று பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு வருஷம் முழுக்க இந்த "பேஜார்" தான்.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, வருஷம் பூரா நீதான் சுற்றினாய், இன்றைக்கு நீ குதி என்றார். கயிறு சுற்றியது. எண்ணுவதற்காகப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். எனக்குக் கால் எழும்பவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன். மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அவர் கேட்க, அக்கா கதையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அது வர்ற நாள்ல வரும். கயிறு இன்னா பண்ணும், பாவம்? சனிக்கிழம வந்து உங்கம்மாகிட்ட நான் பேசறேன்."

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. அன்றைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. சிலேட்டால் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். யாருக்கும் சொல்லாமல் துவைத்துப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள், பார்த்துவிட்டாள்.

"குதிச்சியா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல. கயிறுதான் சுத்தினேன்."

அம்மா என் கையிலிருந்த சிலேட்டை வாங்கிக்கொண்டாள். "சுத்துனாலும் அதேதான்" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை சொன்னபடி டீச்சர் வந்தார். என்னை உட்கார வைக்கப் பச்சை ஓலை கட்டியிருந்ததைக் கண்டதுமே அவருக்கு விளங்கியிருக்கும். அப்படியும் திரும்பிப் போகாமல் வெகு நேரம் பேசினார். ஓலைக்குப் பின்னாலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதையும் மறுக்கவில்லை; இந்தத் தெருவில் பெரிய பெண்ணை யார் வீட்டில் அனுப்புகிறார்கள், சொல்லுங்கள் டீச்சர், என்று மட்டும் கடைசியில் கேட்டாள். டீச்சர் எழுந்து போனார். என் படிப்பு அதோடு நின்றது. வகுப்பில் எல்லாருக்கும் கடைசியாகப் பெரியவளானது யார் தெரியுமா? ரூத். அவள் எட்டாவது முடித்து, வேலூரில் டீச்சரானாள்.

போன மாதம், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சேர்ப்பதற்காக அதே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வேப்பமரம் இல்லை. ஆவாரம்பட்டை வாடை போய், ஊரெல்லாம் தோல் பதனிடுகிற ஏதோ மருந்து நெடி. அப்பாவின் கயிறு எந்தக் குப்பையில் மக்கியதோ, இப்போது பிளாஸ்டிக் கயிறு. வளர்ந்த பெண்கள், பதினைந்து பதினாறு வயதுக்காரிகள், சிரித்துக்கொண்டே தாண்டிக்கொண்டிருந்தார்கள். சுற்ற ஆள் போதவில்லை போலிருக்கிறது, ஒருத்தி என்னிடம் ஓடிவந்து, "ஆயா, இத்தக் கொஞ்சம் பிடிச்சிக்கிறீங்களா?" என்று கயிற்று முனையை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். கை தானாகச் சுற்றியது. அந்த வெள்ளிக்கிழமை எப்படியும் வந்திருக்கும். அதுவரைக்கும் குதித்தாவது இருந்திருக்கலாம் நான்.