மூச்சைப் பிடிச்சுக்கோங்க

எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்லிவரும் மந்திரம் ஒன்றுதான்: "மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடுங்க." ஊரார் மூச்சையெல்லாம் அடக்கியவளுக்குத் தன் மூச்சு மட்டும் ஒன்பது வருடத்துக்கு முன் கட்டுக்குள் நிற்காமல் போனது.

அதற்குக் காரணம் அவளுடைய சீனியர். ஒரு நோயாளியின் முழங்காலைப் படம் எடுத்தபோது, வலதா இடதா என்று காட்டும் ஈய எழுத்தை மாற்றி வைத்துவிட்டார் மனிதர். அறுவைக்கு முன்பே டாக்டர் கவனித்துவிட்டதால் கால் தப்பியது. ஆனால் விசாரணையில், "அந்தப் பொண்ணுதான் வச்சுது சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டார். இவளுக்கு ஆறு மாதம் சஸ்பெண்ட். சொந்த அக்காவே, "நீ கவனமா இருந்திருக்கணும்" என்றாள்.

போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடத்த அந்த நாட்களில்தான் மருத்துவமனை ஆலோசகர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, மனதை ஒன்றில் நிறுத்து. அவளும் நிறுத்தினாள், சீனியரின் வழுக்கைத் தலையில். படபடப்பு அடங்கியது. வன்மம் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தது.

இன்று காலை சீட்டும் கையுமாக வந்து நின்றவர் அவரேதான். ஓய்வுபெற்று, ஆள் பாதியாகியிருந்தார். மூன்று வாரமாக இருமல். அவருடைய அண்ணன் நுரையீரல் புற்றுநோயில் போனவர். பயத்தில் மூச்சை ஒரு நொடிகூடப் பிடிக்க முடியவில்லை. படம் கலங்கினால் மறுபடியும் பழி இவள் தலையில்தான் விழும்.

"காலைத் தரையில அழுத்துங்க சார். நான் எண்ணுறேன். நாலு வரைக்கும் இழுங்க... ஆறு வரைக்கும் விடுங்க. கை குளிருதில்ல? அந்தக் குளிரை மட்டும் கவனிங்க."

ஐந்தாவது மூச்சில் அவர் தோள் இறங்கியது. படம் எடுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையில் இரண்டு நுரையீரலும் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தன. பாவி, பிழைத்துக்கொண்டான்.

"எப்படிம்மா இருக்கு? நான் ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"

"வெளியாளுங்க உள்ள வரக்கூடாது சார். நீங்க போட்ட ரூல்தான். டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாரு. அவரே சொல்வாரு."

இடையில் மூன்று நாள். அவர் முகம் வெளுத்தது. கதவுப் பிடியை விடாமல் நின்றார்.

"உனக்குப் பார்த்தாலே தெரியுமேம்மா. பயப்படாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் நிதானமாக மூச்சை இழுத்தாள். இத்தனை வருடத்தில் அது இவ்வளவு சுகமாக உள்ளே இறங்கியதே இல்லை.

"எனக்கும் அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சார் தேவைப்பட்டுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.